அந்த ஹீரோவை நம் வீட்டுப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு வந்தவள். பையைத் திறந்தால் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம். மேலாக இருந்தது ‘ட்வைலைட்’. அவள் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த நாவல். சாப்பிடக் கூப்பிட்டால், “இதோ சித்தி, ஒரே ஒரு சாப்டர்” என்று பதில் வரும். தோசை ஆறி அப்பளமாகும் வரை ஆள் வரமாட்டாள்.

நான்காம் நாள் காலை காபி டம்ளரோடு சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “சித்தி, எட்வர்ட் மாதிரி ஒருத்தன் நிஜத்துல இருப்பானா?” என்று கேட்டாள்.

“ரத்தக் காட்டேரியையா கேக்குற?” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “அது இல்ல சித்தி. நம்மளையே ஒருத்தன் அவ்ளோ கவனிச்சுக்கிட்டே இருக்கிறது...” என்று பாதியில் நிறுத்திவிட்டாள்.

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அந்த வயதில் நானும் ரமணிசந்திரன் நாவலைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவள்தான். கோபக்காரக் கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கும்போது நானும் கலங்கியிருக்கிறேன். அவளிடம் “இதெல்லாம் கதைம்மா, போய்ப் படிக்கிற வேலையைப் பார்” என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஆனால், அன்று மாலை அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், டீன் ஏஜ் நாவல்களில் வரும் இந்தக் காதல் நாயகர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பாட்டி காலத்து அச்சு

‘ட்வைலைட்’ 2005-ல் வெளியானது. எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டெஃபனி மேயர். மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு அப்பாவோடு வசிக்க வருகிறாள் பெல்லா. அங்கே வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் எட்வர்ட் கல்லன். 1918-ல் ரத்தக் காட்டேரியாக மாறியவன். நூறு வயதைக் கடந்தும் பார்ப்பதற்குப் பதினேழாகவே இருப்பவன். அவள் ரத்தத்தின் வாசனையே அவனைப் பாடாய்ப் படுத்துகிறது. அதனால் அவளைவிட்டு விலகவும் முடியாமல், நெருங்கவும் முடியாமல் தவிக்கிறான். இந்த வரிசை நாவல்கள் உலகம் முழுவதும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன.

பார்க்கப் புதுசு போலத் தெரிந்தாலும் எட்வர்டை வார்த்த அச்சு பழசு. ஜேன் ஆஸ்டின் 1813-ல் எழுதிய ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் டார்சி முகம்கொடுத்துப் பேசாதவன், கர்வி. 1847-ல் ஒரே ஆண்டில் இரண்டு நாவல்கள் வந்தன. அக்கா ஷார்லட் பிரான்டே எழுதிய ‘ஜேன் அயர்’, தங்கை எமிலி பிரான்டே எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’. முன்னதில் ரகசியத்தை மறைத்துவைத்துக்கொண்டு புழுங்கும் ரோசெஸ்டர், பின்னதில் காதலால் வெறிபிடித்துப் போகும் ஹீத்கிளிஃப். இந்த மூவரின் பேரன்தான் எட்வர்ட். தன் முதல் நாவலுக்கு ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’, மூன்றாவதற்கு ‘வுதரிங் ஹைட்ஸ்’ தூண்டுதல் என்று மேயரே சொல்லியிருக்கிறார்.

ஆக, 200 ஆண்டுகளாகப் பெண்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆளை விரும்பிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘எல்லாம் இந்தச் செல்போன் வந்த பிறகுதான்’ என்று பழிபோட வழியில்லை!

அழகு முதல் பக்கத்தோடு சரி

‘ஹீரோ அழகா இருப்பான், அதான் புடிக்குது’ என்று நாம் சுலபமாக முடித்துவிடுகிறோம். உண்மையில் அழகு, வாசகியைக் கதைக்குள் கூட்டிவரும் வாசல்படி மட்டும்தான். உள்ளே உட்காரவைப்பது வேறு.

சுசான் காலின்ஸ் 2008-ல் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை இழந்த சிறுமி காட்னிஸ், பசியில் துவண்டு மழையில் ஒரு ரொட்டிக்கடையின் பின்பக்கம் ஒதுங்குகிறாள். கடைக்காரரின் மகன் பீட்டா வேண்டுமென்றே ரொட்டியைக் கருகவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு, அந்த ரொட்டியை அவள் பக்கம் வீசுகிறான். அன்று இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால், அந்த இரண்டு ரொட்டிதான் மூன்று நாவல்களையும் தாங்கிப் பிடிக்கிறது. பீட்டா பெரிய வீரன் இல்லை. கேக்குக்கு அலங்காரம் செய்பவன். அவளுக்கு வேட்டைத் துணையாக இருக்கும் கேல்தான் கட்டுமஸ்தான ஆள். இருந்தும் காட்னிஸ் கடைசியில் சேருவது பீட்டாவோடுதான்.

ஜென்னி ஹான் 2014-ல் எழுதிய ‘டு ஆல் த பாய்ஸ் ஐ ஹேவ் லவ்ட் பிஃபோர்’ நாவல் 2018-ல் நெட்ஃப்ளிக்ஸ் படமானது. அம்மாவை இழந்த, பாதி கொரிய வம்சாவளியான லாரா ஜீனுக்காக ஊரின் மறுகோடியில் இருக்கும் கொரியக் கடைவரை போய், அவளுக்குப் பிடித்த தயிர்ப்பானத்தை வாங்கி வருகிறான் பீட்டர். படம் பார்த்த பெண்கள் மனதில் நின்றது முத்தக்காட்சியைவிட அந்தச் சின்ன பாட்டில்தான்.

ஜான் கிரீன் 2012-ல் எழுதிய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ இதையே வேறு விதத்தில் செய்கிறது. பதினாறு வயது ஹேஸலுக்குப் புற்றுநோய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் நடமாட்டம். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அகஸ்டஸ், அவளுக்கு உயிரான புத்தகம் எது என்று கேட்டு அதை வாங்கிப் படிக்கிறான். பாதி வாக்கியத்தில் முடிந்துபோகும் அந்த நாவலின் மிச்சக் கதையைத் தெரிந்துகொள்ள அவள் துடிப்பதால், அதை எழுதியவரைச் சந்திக்க ஆம்ஸ்டர்டாம் வரை கூட்டிப்போகிறான். இந்தக் கதைதான் 2020-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ‘தில் பேச்சாரா’ என்று இந்திக்கு வந்தது.

ரொட்டி, தயிர்ப்பானம், புத்தகம். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: அவன் அவளைக் கவனித்திருக்கிறான். அவளுக்குப் பசிக்கிறது, அவளுக்கு இது பிடிக்கும், அவள் இதை யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பதினைந்து வயதுப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீட்டில் ‘மார்க் எவ்வளவு’ என்று கேட்கிறார்கள். பள்ளியில் ‘யூனிஃபார்ம் ஏன் கசங்கியிருக்கு’ என்று கேட்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் ‘என்னடி இப்படிக் கறுத்துப்போயிட்ட’ என்று விசாரிக்கிறார்கள். எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். ‘உனக்கு என்ன பிடிக்கும், என்ன யோசிக்கிறே’ என்று கேட்க நமக்குத்தான் நேரமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் ஆள் ஒரு நாவலின் ஹீரோவாக இருந்தால், அவள் அவனிடம் மயங்காமல் என்ன செய்வாள்? அவனுடைய கண்ணில் தெரியும் நாயகியாகத் தன்னையே பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குப் பிடித்துப்போவது அவன் மட்டும் இல்லை, அவன் கண்ணில் தெரியும் தானும்தான்.

தப்புச் செய்தால் என்ன செய்கிறான்?

குறையே இல்லாத ஹீரோவை யாருக்கும் பிடிப்பதில்லை. 1908-ல் வெளியான கனடா நாட்டு நாவல் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’. எல்.எம்.மான்ட்கோமரி எழுதியது. செம்பட்டை முடிக்காரச் சிறுமி ஆன் ஷர்லியின் பின்னலைப் பிடித்து இழுத்து, ‘கேரட்’ என்று கேலி செய்கிறான் வகுப்புத்தோழன் கில்பர்ட். தன் சிலேட்டை அவன் தலையில் போட்டு உடைக்கிறாள் அவள். பிறகு ஆண்டுக்கணக்கில் அவனோடு பேச்சே இல்லை.

கில்பர்ட் செய்ததைக் கவனியுங்கள். தப்புத் தன்னுடையது என்று ஆசிரியரிடம் அப்போதே சொல்கிறான். அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்கிறான். பிறகு, தண்ணீரில் சிக்கித் தவிப்பவளைப் படகில் வந்து காப்பாற்றி, நட்பாக இருக்கலாமா என்று கேட்கிறான். அவள் முடியாது என்கிறாள். ‘உயிரைக் காப்பாத்தினேனே’ என்று அவன் கணக்குக் காட்டவில்லை. கடைசியில், அவள் வீட்டைவிட்டு வெளியூர் போக வேண்டியிருக்காமல், உள்ளூர்ப் பள்ளியில் தனக்குக் கிடைத்த ஆசிரியர் வேலையை அவளுக்கு விட்டுக்கொடுத்து, தான் வேறு ஊருக்குப் போகிறான். அவர்கள் கல்யாணம் நடப்பது 1917-ல் வெளியான நாவலில்! இடையில் ஒருமுறை அவன் காதலைச் சொல்லி, அவள் மறுத்தும் இருக்கிறாள்.

டார்சி கதையும் இதுதான். எலிசபெத்திடம் அவன் முதன்முறை திருமணத்துக்குக் கேட்கும்போது அவள் குடும்பத்தைத் தாழ்த்திப் பேசியபடியே கேட்கிறான். அவள் முகத்துக்கு நேராக மறுக்கிறாள். அதன் பிறகு அவன் செய்தது இரண்டு. தன் தரப்பை விளக்கி ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஒதுங்கிப்போகிறான். பிறகு, தன்னை மாற்றிக்கொள்கிறான். அவள் குடும்பத்துக்கு வந்த பெரிய அவமானத்தைப் பணம் செலவழித்துத் தீர்த்தும்வைக்கிறான், அவளுக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு.

வாசகிகளின் மனதை 200 ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருப்பது அவனுடைய கர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். கர்வத்தோடு கதை முடிந்திருந்தால் டார்சியை இன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவன் இறங்கி வந்த இடம்தான் மனதில் நிற்கிறது.

நாயகிக்கும் ஒரு வேலை இருக்கட்டும்

லூயிசா மே ஆல்காட் 1868-ல் ‘லிட்டில் விமன்’ முதல் பாகத்தை எழுதியபோது, நாயகி ஜோவுக்கும் பக்கத்து வீட்டுப் பையன் லாரிக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லி வாசகிகளிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. ஆல்காட்டுக்குக் கோபமே வந்துவிட்டது. பெண்ணின் வாழ்க்கைக்குக் கல்யாணம்தானா ஒரே முடிவு என்பது அவர் ஆதங்கம். அடுத்த பாகத்தில் ஜோ, லாரியை மறுத்துவிடுகிறாள். எழுத்தாளராக வேண்டும் என்று துடிப்பவளுக்கு, அவள் எழுத்தைப் படித்துவிட்டுக் குறையையும் சொல்லத் துணிந்த பேராசிரியர் பாயர் கணவராகிறார். லாரிக்காக இன்றும் வருத்தப்படும் வாசகிகள் உண்டு. நானும் ஒருத்தி. ஆனால், ஆல்காட் ஒரு கேள்வியை விட்டுப்போயிருக்கிறார்: இந்த ஆள் வந்த பிறகு அவளுடைய எழுத்து என்ன ஆகும்?

‘ட்வைலைட்’ மீதான பெரிய விமர்சனமே இதில்தான். எட்வர்ட் வந்த பிறகு பெல்லாவுக்கு வேறு கனவு, வேறு நண்பர்கள் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டாம் பாகத்தில் அவன் விட்டுப்போனதும் மாதக்கணக்கில் முடங்கிப்போகிறாள். எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே பெல்லா இருக்கிறாள் என்ற விமர்சனத்துக்குப் பதிலாக, 2015-ல் மேயர் அதே கதையை ஆண், பெண் பாத்திரங்களை இடம் மாற்றி எழுதிப் பார்த்தார். விமர்சனம் அந்த அளவுக்கு அவரைத் தொட்டிருக்கிறது.

நம்மூர் ஹீரோ

தமிழில் பெரியவர்கள் கதைக்கும் அம்புலிமாமாவுக்கும் நடுவில், பதின்பருவத்துக்கென்று ஒரு தனி அலமாரி பெரிதாக உருவாகவில்லை. அதனால் நம் வீட்டுப் பெண்கள் ஒரே தாவாகத் தாவினார்கள். எங்கள் தலைமுறையில் அந்தத் தாவல் ரமணிசந்திரனுக்கும், கொஞ்சம் பொறுமை இருந்தவர்களுக்குக் கல்கிக்கும்.

கல்கி 1950-லிருந்து 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடரின் நாயகனாக நியாயப்படி அருள்மொழிவர்மன்தானே இருக்க வேண்டும்? ஆனால், படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வந்தியத்தேவன் என்பார்கள். அவனிடம் நாடு இல்லை, படை இல்லை, பணம் இல்லை. ஒரு குதிரையும் துடுக்கான வாயும்தான் சொத்து. அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறான், பொய் சொல்லித் தப்பிக்கிறான், மறுபடி மாட்டிக்கொள்கிறான். ஆனால், தன்னைவிட அறிவாளியான குந்தவையின் முன்னால் நிற்கும்போது அவனுக்கு வெட்கம் இருக்கிறதே தவிர, தாழ்வு மனப்பான்மை இல்லை. அவள் ஓலை கொடுத்து அனுப்பினால் இலங்கைவரை போகிறான். தன் காதலியின் புத்திசாலித்தனத்தை ரசிக்கத் தெரிந்த நாயகனை 70 ஆண்டுகளுக்கு முன்பே நாம் வாராவாரம் காத்திருந்து படித்திருக்கிறோம்.

இன்றைக்குத் தமிழ்க் காதல் கதைகள் செல்போனுக்கு வந்துவிட்டன. பிரதிலிபி, வாட்பேட் போன்ற தளங்களில் தினம் ஓர் அத்தியாயம் வருகிறது. எழுதுபவர்களில் இல்லத்தரசிகள் ஏராளம். அவர்களில் அருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே ‘ஆன்ட்டி ஹீரோ கதை’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டே எழுதப்படும் ஒரு வகையும் உண்டு. நாயகன் மிரட்டுவான், அடைத்துவைப்பான், சில கதைகளில் கை ஓங்குவான். கடைசியில் ‘இவ்வளவும் உன்மேல் வைத்த காதலால்தான்’ என்பான். அவள் மன்னித்துவிடுவாள். இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பெத் ரீக்கிள்ஸ் பதினைந்து வயதில் வாட்பேடில் எழுதத் தொடங்கிய ‘தி கிஸ்ஸிங் பூத்’ 2018-ல் படமானது. அதன் நாயகன் நோவா, எல்லியை யாரும் வெளியே அழைத்துப் போகக் கூடாது என்று பள்ளிப் பையன்களை மிரட்டிவைத்திருக்கிறான். அவளுக்கே அது தெரியாது. படம் அதைக் காதல் என்றே காட்டியது.

கவனிப்பா, கண்காணிப்பா?

இங்கேதான் எட்வர்டிடம் திரும்பி வர வேண்டும். முதல் பாகத்தில், பெல்லா தூங்கும்போது ராத்திரிகளில் அவள் அறைக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான். அவளுக்குத் தெரியாமல் வந்திருக்கிறான். பெல்லாவுக்குக் கோபம் வருவதில்லை. தூக்கத்தில் என்ன உளறினோமோ என்ற வெட்கம்தான் வருகிறது. மூன்றாம் பாகத்தில், நண்பன் ஜேக்கப்பைப் பார்க்க அவள் போகக் கூடாது என்பதற்காக அவள் வண்டியின் இன்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். பிற்பாடு அது தவறு என்று உணர்ந்து போகவிடுகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்குப் பக்கத்தில் பீட்டாவை வைத்துப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் காட்னிஸ் அடிபட்டு, தூக்க மருந்தின் மயக்கத்தில் இருக்கிறாள். கூட இருக்கச் சொல்லி அவளே கேட்கிறாள். அவன் இருக்கிறான். இரண்டு இடத்திலும் ஓர் ஆண், தூங்கும் பெண்ணின் பக்கத்தில் இருக்கிறான். அவள் கேட்டாளா, இல்லையா என்பதுதான் வித்தியாசம். கவனிப்புக்கும் கண்காணிப்புக்கும் நடுவில் இருக்கும் சுவர் அந்த ஒரு கேள்விதான்.

‘கதைதானே, விடுங்க’ என்று சிலர் சொல்லலாம். நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். கதையில் முரட்டு நாயகனை ரசிப்பதால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். ஏனென்றால், கதைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அந்த ஆள் உள்ளுக்குள் நல்லவன் என்ற உத்தரவாதத்தை அவர் முதல் அத்தியாயத்திலேயே கொடுத்துவிடுகிறார். அதனால் அவன் கோபமும் பொறாமையும் வாசகிக்குப் பயத்தைத் தருவதில்லை, சுவாரஸ்யத்தைத் தருகின்றன. ராட்டினத்தில் ஏறிக் கத்துவது மாதிரி. கீழே விழமாட்டோம் என்று தெரியும்.

வாழ்க்கையில் அந்த உத்தரவாதத்தை யாரும் கொடுப்பதில்லை. முறைக்கிறவனுக்கு உள்ளே தங்கமான மனசு இருக்கிறதா, இல்லை முறைப்பு மட்டும்தான் இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. காலின் ஹூவர் 2016-ல் எழுதிய ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ இந்த இடத்தைத்தான் தொடுகிறது. பெரியவர்களுக்கான நாவல் அது, ஆனால் பதின்பருவப் பெண்கள் கையிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அழகன், டாக்டர், அன்பைப் பொழிகிறவன். அவன்தான் மனைவியை அடிக்கிறான். ஒவ்வொரு முறையும் மனம் உருக மன்னிப்புக் கேட்கிறான். அவனைக் காதல் நாயகனாக நினைத்துப் பாதிப் புத்தகத்தைப் படித்த வாசகிக்கு, நாயகி ஏன் உடனே வெளியேறவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஐந்து கேள்விகள்

புத்தகத்தைப் பிடுங்கி வைப்பதில் பயனில்லை. ஒளித்துப் படிப்பதில் நம் வீட்டுப் பெண்கள் நம்மைவிடக் கெட்டிக்காரிகள். அதைவிட, அவர்களோடு உட்கார்ந்து ஹீரோவை அலசுங்கள். எந்தக் கதைக்கும் இந்த ஐந்து கேள்விகள் போதும்.

1. அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவன் என்ன செய்கிறான்? கில்பர்ட் ஒதுங்கினான். உங்கள் ஹீரோ?

2. அவன் வந்த பிறகு அவள் உலகம் பெரிதாகிறதா, சிறிதாகிறதா? தோழிகள், படிப்பு, பாட்டு, விளையாட்டு எல்லாம் முன்போலவே இருக்கின்றனவா?

3. தப்புச் செய்தால் நடத்தையை மாற்றிக்கொள்கிறானா, பரிசு வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிறானா?

4. தனக்குக் கீழே இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறான்? டார்சியைப் பற்றி எலிசபெத் மனம் மாறத் தொடங்குவது, அவன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லும்போதுதான்.

5. அழகையும் பணத்தையும் பைக்கையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? மிச்சம் இருப்பவனோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

பையன் இருக்கும் வீட்டிலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். ‘பொண்ணுங்களுக்குக் கெட்ட பையனைத்தான் புடிக்கும்’ என்ற தப்பான பாடத்தை அவனும் எங்கிருந்தோ படித்துவைத்திருப்பான். பீட்டாவின் ரொட்டியை அவனுக்கும் சொல்லுங்கள்.

தோழி எங்கே?

ஆரம்பத்தில் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா சித்தி. அவ பேசுற பையன் அவளோட போன் பாஸ்வேர்டை வாங்கி வெச்சிருக்கான். யார்கூட பேசினாலும் சண்டை. எங்ககூட சாப்பிடுறதையே நிறுத்திட்டா. கேட்டா, ‘அவன் பொசசிவ்டி, நாவல்ல வர்ற ஹீரோ மாதிரி’ங்கிறா. எனக்கு அவளைப் பார்த்தா முதல்ல பொறாமையா இருந்துச்சு. இப்போ பயமா இருக்கு.”

அந்த ‘முதல்ல பொறாமையா இருந்துச்சு’ என்பதை அவள் மறைக்காமல் சொன்னதற்கே அவளைக் கட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரி எனக்குச் சங்க இலக்கியம்தான் ஞாபகம் வந்தது. நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே கிடையாது. படிப்பவர் யாரும் தன்னை அதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அவர்கள் இருவர் மட்டும் தனியாக இருப்பதில்லை. தோழி என்று ஒருத்தி கூடவே இருக்கிறாள். தலைவியின் மனதை அறிந்தவள் அவள். இரவில் திருட்டுத்தனமாக வந்துபோகும் தலைவனிடம், ‘எப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய்’ என்று நேருக்கு நேர் கேட்பவள் அவள். தலைவியை விட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்தி வைக்கவும் தயங்காதவள். காதலைக் கொண்டாடிய அந்தக் கவிஞர்கள், காதலன் சொல்வதை அப்படியே நம்பாத ஒருத்தியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அதைத்தான் அவளிடம் சொன்னேன். “உன் ஃப்ரெண்டுக்குப் புத்தி சொல்லாதே. அந்தப் பையனைத் திட்டவும் செய்யாதே, அவ அவன் பக்கம்தான் போவா. அவளைத் தனியா மட்டும் விட்டுடாதே. அவ வராட்டியும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டு நீ போய் அவ பக்கத்துல உட்காரு. ‘நான் வேண்டாம்னா அவன் என்ன பண்ணுவான்’னு அவளையே யோசிக்கச் சொல்லு. மிரட்டுறான், போட்டோவை வெளியில விடுவேங்கிறான்னு சொன்னா ரகசியம் காக்காதே. உடனே பெரியவங்ககிட்ட வா. யாருமே இல்லேன்னா 1098 இருக்கு.” குழந்தைகளுக்கான அந்த உதவி எண்ணை அவள் போனில் அப்போதே பதிந்துவைத்தோம்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. தோழி முதல் மூன்று நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லையாம். நான்காம் நாள், தன் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை இவள் பக்கம் தள்ளியிருக்கிறாள். போன் பாஸ்வேர்டை மாற்றினாளா என்று தெரியாது. ஆனால், தன் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம்.

பதிவின் கடைசியில் ஒரு கேள்வி: “சித்தி, எட்வர்டை எனக்கு இன்னமும் புடிச்சிருக்கு. தப்பா?”

“தப்பே இல்லடி. எனக்கும் என் பழைய ஹீரோக்களை இன்னமும் புடிக்கும். அவன் கதையில இருக்கட்டும். உன் ரூமுக்குள்ள வரணும்னா மட்டும் கதவைத் தட்டிட்டு வரச் சொல்லு” என்று பதில் அனுப்பினேன்.

சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அடுத்த விடுமுறைக்குப் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள்.